காலித் தொட்டிக்குத் தீனி

ஆடி 19, திங்கள்

இன்று காலை என் பேத்தி தன்விகாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை. ஆபரேஷன் செய்து, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு போட்டு அனுப்புவார்களாம். என் மகள் பூங்கொடி கூடவே இருக்கப் போகிறாள். தாராபுரத்து வீட்டில் மாப்பிள்ளைக்குச் சமைத்துப் போட நான்.

காரில் ஏறும்போதும் பிள்ளை காலைப் பற்றிப் பேசவில்லை. "அமுச்சி, தொட்டியில தினமும் என்னென்ன ஆகுதுன்னு எழுதி வெய்யி. நான் வந்து படிப்பேன்" என்று போன வருஷத்து டைரி ஒன்றைக் கையில் திணித்தாள். "உனக்கு எழுத வருமில்ல?" என்று வேறு கேட்டாள்.

நான் அஞ்சாவது படித்தவள். அந்தக் காலத்து அஞ்சாவது. மாப்பிள்ளை வீட்டார் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பிழை கண்டு சொன்னது நான்தான்.

தொட்டி என்றால் மீன் தொட்டி. பிள்ளை திரும்பி வந்து மாதக் கணக்கில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம், மீனைப் பார்க்கட்டும் என்று கூடத்தில் அவள் கட்டிலை ஒட்டி மாப்பிள்ளை வாங்கி வைத்திருக்கிறார். ஆடி மாதத்தில் யாராவது புதுச் சாமான் வாங்குவார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது? எங்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் நான் சமையலறைக்குள் போய்விடுவேன். இத்தனை வருஷமும் நடுவில் யாராவது இருந்தார்கள். இன்று வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தேன். அவரும் கனைத்தார். சாப்பிட்டார்.

ஆடி 20, செவ்வாய்

தொட்டியில் இருப்பவை: தண்ணீர், கூழாங்கல், நடுவில் ஒரு பெரிய கல், குமிழி விடும் குழாய், அதன் நுனியில் ஒரு கறுப்புப் பஞ்சு. மீன் கிடையாது.

காலையில் மாப்பிள்ளை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை மீன் தீனி எடுத்துத் தொட்டியில் தூவினார். மீன் இல்லாத தொட்டியில். பிறகு குனிந்து வெகு நேரம் பார்த்தார், ஏதோ வந்து தின்னப் போகிறது மாதிரி.

கிளம்பும்போது மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துச் சொன்னார்: "நாளையிலிருந்து மில்லுல காலை ஷிஃப்டு. தெனமும் ஒரு சிட்டிகை தீனி போட்டாப் போதுங்."

ஃபேனிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன்.

ஆடி 22, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக முடிந்தது என்று பூங்கொடி சொன்னாள். மாரியம்மனுக்கு ஒரு தேங்காய்.

தீனி போட்டேன். யார் தின்றார்கள் என்று தெரியவில்லை.

ஆடி 25, ஞாயிறு

தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது. போட்ட தீனியெல்லாம் அடியில் ஊறி நூல் நூலாகப் பூத்திருக்கிறது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் ஒரு வாடை.

கீழ் வீட்டு கிருஷ்ணவேணி தயிருக்கு உறைமோர் கேட்டு வந்தவள் நான் தீனி போடுவதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, மீனு எங்கீங்?"

"வரும்."

"வர்றதுக்கு முன்னாலயே பந்தி போட்டாச்சுங்களா?"

உறைமோரைக் கொடுத்து அனுப்பினேன். கொஞ்சமாகத்தான் கொடுத்தேன்.

பொம்மைக்குச் சோறு ஊட்டும் பிள்ளையாக என்னை ஆக்கிவிட்டார்களோ என்று மதியம் முழுக்க யோசனை. நிஜ மீனைக் கொடுத்தால் கிழவி கொன்றுவிடுவாள் என்று வெறும் தண்ணீரைக் கொடுத்தார்களோ?

ஆடி 27, செவ்வாய்

இனியும் பொறுக்க முடியவில்லை. என் வீட்டுக் குண்டாவில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். எங்கள் ஊரில் கேட்டால் சொல்வார்கள். நான் இருக்கிற வீட்டில் ஒரு தொட்டி நாறிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் யாரைச் சொல்வார்கள்?

மாப்பிள்ளை போனதும் பஞ்சைக் கழற்றினேன். வழவழவென்று, பாசி பிடித்த கல்லைத் தொட்ட மாதிரி. குழாயைத் திறந்துவிட்டு, பிழிந்து பிழிந்து அலசினேன். கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. எடுத்த மாதிரியே மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கி, ஒரு வர்ண அட்டையோடு வைத்துப் பார்த்தார். தண்ணீர் பச்சையாகிவிட்டது. அவர் முகம் வாடிவிட்டது. "இன்னும் வரலை" என்றார் ஃபேனிடம்.

எது வரவில்லை?

ஆடி 29, வியாழன்

பூங்கொடியின் குரல் சரியில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா."

"ஏன்?"

"டாக்டர் சொன்னாரு."

"டாக்டர் என்ன சொன்னாருன்னுதான் கேக்கறேன்."

பக்கத்தில் யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னாள். பிறகு, "புண்ணுல கிருமி புகுந்திருச்சும்மா. ஊசி போட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள். அப்புறம் போன் வைத்துவிட்டாளா, அறுந்துபோனதா தெரியவில்லை.

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன்.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை வாசலில் நின்று யாருடனோ போனில் பேசினார். நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. கோலப்பொடி டப்பா ஜன்னலோரம் இருந்தது. அவர் சொன்னது இது: "கிருமி வளரவே மாட்டேங்குதுங்க. பாட்டில்ல வாங்கி ஊத்தினேன், தெனம் தீனி போடறோம், ஒண்ணும் புடிக்க மாட்டேங்குது."

கிருமி! வேண்டுமென்று காசு கொடுத்து வாங்கி, பெற்ற பிள்ளையின் கட்டில் தலைமாட்டில் வளர்க்கிறார். நானும் என் கையாலேயே அதற்குச் சோறு போட்டிருக்கிறேன்.

நல்ல மனுஷன். பீடி கிடையாது, குடி கிடையாது. புத்திக்கு என்ன வந்தது? அங்கே ஊசி போட்டுக் கொல்லுகிறார்கள், இங்கே இவர் ஊட்டி வளர்க்கிறார். கேட்கவும் முடியாது. ஆனால் எனக்குக் கை இருக்கிறது. நகராட்சிக் குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடையோடு தண்ணீரும் வருகிறது.

இந்தப் பக்கத்தைப் பிள்ளை வருவதற்குள் கிழித்துவிட வேண்டும்.

ஆடி 30, வெள்ளி

அலசினேன்.

ஆடி 31, சனி

அலசினேன். கூழாங்கல்லையும் கிளறிவிட்டேன். பூங்கொடி போன் எடுக்கவில்லை.

ஆவணி 1, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டில் இருந்ததால் முடியவில்லை. நாள் முழுக்க அந்தத் தொட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆவணி 3, செவ்வாய்

வேலையிலிருந்து வந்தவர் பஞ்சைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் வந்து நிலைக்கு அந்தப் பக்கமே நின்றார். கனைத்தார். நானும் கனைத்தேன்.

"பஞ்சு..." என்றார். நிறுத்தினார். "பஞ்சு ரொம்பச் சுத்தமா இருக்குதுங்."

கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி மாப்பிள்ளை வாயால் வந்த முதல் வார்த்தை. ஃபேன்கூட அங்கே இல்லை, எனக்கே சொன்னது. ராத்திரிக்கு அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்தேன்.

ஆனால் அவர் முகம் பாராட்டுகிறவர் முகமாக இல்லை. வேலை அலுப்பாக இருக்கும்.

ஆவணி 7, சனி

தொட்டிக்குள் பெரிய கல்லை நகர்த்தினால், பின்னால் இன்னொரு பஞ்சு! எப்போது வைத்தாரோ. ஒரு தொட்டிக்கு இரண்டு பஞ்சு எதற்கு? முன்னால் இருப்பது பளிச்சென்று இருக்கிறது, இது பழுப்பேறிச் சளிபிடித்துக் கிடக்கிறது. நல்ல வேளை என் கண்ணில் பட்டது.

அதை அலசத்தான் நேரமாயிற்று. எத்தனை பிழிந்தாலும் பழுப்பு வந்துகொண்டே இருந்தது. விடவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

தன்விகா வீடியோவில் வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. முகத்தை மட்டும் காட்டினார்கள், காலைக் காட்டவில்லை.

"அமுச்சி, கிருமி வந்திருச்சா?"

"சாமி, அந்தப் பேச்சே எடுக்காத. உங்கொப்பன் வெச்ச கிருமியை எல்லாம் நான் ஒண்ணு விடாம தொலைச்சுப் போட்டேன்."

பிள்ளை முழித்தாள். "அமுச்சி, அது நல்ல கிருமி!"

"கிருமியில என்னடி நல்லது?"

"மீனு ஒண்ணுக்குப் போகுமில்ல? அது தண்ணியில வெசமாயிரும். அந்த வெசத்தை இந்தக் கிருமிதான் தின்னும். பஞ்சுலதான் குடியிருக்கும். அது வந்து புடிச்ச பொறகுதான் மீன் வுடணும், இல்லாட்டி செத்துப்போகும். மீன் வர்றதுக்கு முன்னால அதுக்குப் பசிக்குமில்ல, அதுக்குத்தான் தீனி."

போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கும் அப்படித்தான் அமுச்சி. ஊசி போட்டுப் போட்டு வவுத்துல இருந்த நல்ல கிருமியும் செத்துப்போச்சாம். அதுதான் பேதியாகுது. தெனமும் தயிர் தின்னச் சொல்லியிருக்காங்க." பிறகு குரலைத் தணித்து, "முன்னால இருக்கற பஞ்சை யாரோ கழுவிக் கழுவி வெக்கறாங்கன்னு அப்பா பின்னால ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்காரு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு. நீ அதைத் தொட்டுறாத, என்ன?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மோர்ச் சட்டியை எடுத்துப் பார்த்தேன். உறைக்கு என்று கொஞ்சம் விட்டு வைப்பதை நான் என்றைக்காவது கழுவிக் கொட்டியிருக்கிறேனா?

ஆவணி 9, திங்கள்

மாப்பிள்ளை தொட்டி முன்னால் குந்திக் கண்ணாடிக் குழலைக் குலுக்கிக்கொண்டிருந்தார். பச்சை. கரும்பச்சை. அவர் கை கல்லுக்குப் பின்னால் போவதற்குள் நான் சமையலறைப் படியில் நின்று தொட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

"பின்னால இருந்ததையும் அலசிட்டாங்க."

குழலை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு அவரும் தொட்டியிடமே கேட்டார்.

"எப்பங்?"

"சனிக்கிழமை."

"சோப்புப் போட்டாங்களாங்?"

"சோப்பெல்லாம் போடலை. கொழாத் தண்ணிதான்."

"எத்தனை தடவைங்?"

"தண்ணி தெளியற வரைக்கும்."

கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா என்னவென்று எனக்குப் புரியவில்லை.

"முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று தொட்டியைக் கேட்டேன்.

"எப்படிங் சொல்றது? அத்தை கையில இருக்கறதைப் புடுங்க முடியுங்களா?"

"அங்க புண்ணுல கிருமிங்கறாங்க, இங்க கிருமியை வளத்தறாங்கன்னா வவுறு எரியாதா?"

அவர் குழலை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு நானே கேட்டேன், இதற்கு எங்காவது உறை கிடைக்காதா என்று. முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் தலையைச் சொறிந்தார். உடுமலை ரோட்டில் ஒரு மீன் கடைக்காரர் பழைய தொட்டிப் பஞ்சு ஒன்று தருகிறேன் என்று சொல்லிப் பத்து நாளாகிறதாம்.

"அப்புறம் வாங்கறதுக்கு என்ன?"

"கொண்டாந்தா..." என்று இழுத்தார். "ரொம்ப அழுக்கா இருக்குமுங். அதுதான்."

நான் உள்ளே போய்விட்டேன்.

ஆவணி 10, செவ்வாய்

பஞ்சு வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. சாக்கடையில் கிடந்தது மாதிரி கறுப்பு. அதைத் தொட்டிக்குள்ளேயே பிழிந்தார். தண்ணீர் முழுக்கச் சேறாகிவிட்டது. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

இனி தொட மாட்டேன்.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்தேன், பூரணம் கொஞ்சம் இளகிவிட்டது. கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அங்கே கிருமி போக வேண்டும், இங்கே கிருமி வர வேண்டும். ஒரே கற்பூரத்தில் இரண்டையும் எப்படிக் கேட்பது? சாமி மாற்றிக் கொடுத்துவிட்டால்? விலாசத்தைச் சொல்லிக் கேட்டேன். கோயமுத்தூரில் போகட்டும், தாராபுரத்தில் வரட்டும்.

ஆவணி 13, வெள்ளி

பச்சை கொஞ்சம் வெளிறியிருக்கிறதாம், மஞ்சளானால் விஷம் போய்விட்டது என்று அர்த்தமாம். எனக்கு அதே பச்சையாகத்தான் தெரிந்தது.

கண்ணாடியில் பழுப்பாகப் படர்கிறது. கை பரபரக்கிறது. அந்தப் பரபரப்புக்கு வீட்டுப் பித்தளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்.

ஆவணி 17, செவ்வாய்

கை வலிக்கிறது. ஆனாலும் இதை எழுத வேண்டும்.

இன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் கிடையாது. எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. மாப்பிள்ளை மில்லுக்குப் போன பிறகு குமிழி நின்றது. காற்று ஓடாவிட்டால் பஞ்சில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று அவர் தொட்டியிடம் ஒரு நாள் சொல்லியிருந்தார். நான் சொம்பை எடுத்தேன். சேலையைச் செருகிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு உயரத் தூக்கிப் பஞ்சின் மேலேயே ஊற்றினேன். காபி ஆற்றுகிற மாதிரி. மொண்டு ஊற்றினேன், மொண்டு ஊற்றினேன். குக்கர் வைக்கவில்லை. கிருஷ்ணவேணி எட்டிப் பார்த்துவிட்டு, "மீனைத் தொலைச்சுப் போட்டுத் தேடறீங்களா?" என்றாள். திரும்பிப் பார்க்காமல் மொண்டேன்.

மத்தியானம் மாப்பிள்ளை பர்மிஷன் போட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். சொம்பை எங்கே வைப்பது என்று புரியவில்லை, அதனால் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"நீங்க உக்காருங்கத்தை, நான் ஊத்தறேன்" என்றார். என்னைப் பார்த்து. கரண்ட் இல்லை, ஃபேனும் ஓடவில்லை.

சொம்பைக் கொடுத்தேன். அவர் ஊற்றினார். கை ஓய்ந்தால் நான் வாங்கினேன். இப்படியே மாற்றி மாற்றி. எத்தனையாவது முறையோ, சொம்பு என் கையில் இருக்கும்போது கேட்டேன்.

"மாப்ளை, புள்ளை காலை எனக்கு ஏன் காட்ட மாட்டேங்கறாங்க? நெசத்தைச் சொல்லுங்க."

சொன்னார். ஊசியில் கேட்கவில்லையாம். மறுபடியும் திறந்து சுத்தம் செய்தார்களாம். இரண்டாவது ஆபரேஷன். போன வாரமே. இவர்தான் கையெழுத்துப் போட்டாராம். என்னிடம் சொல்ல எந்த வாயால் முடியும் என்று இருந்துவிட்டாராம்.

"கிருமி போயிருச்சுங்கறாங்க. ஆனா வெரலு அசைய மாட்டேங்குதுங்கத்தை. நரம்புல ஏதோ. வரலாம், வராமயும் போகலாங்கறாங்க. நான் மீன் வாங்கி வெச்சு என்னங் பண்றது?"

அவர் அழுததை நான் பார்க்கவில்லை, தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தாங்க, ஊத்துங்க. நின்னுரக் கூடாது" என்று சொம்பைக் கொடுத்தேன்.

பொழுது சாயும்போது கரண்ட் வந்தது. குமிழி வந்தது. இரண்டு பேரும் காலை இட்லியை ஒரே மேசையில் உட்கார்ந்து தின்றோம். தின்று முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆவணி 19, வியாழன்

மஞ்சள்! சொட்டு விட்டுக் குலுக்கினால் மஞ்சளாகவே நிற்கிறது. மாப்பிள்ளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வேறொரு மருந்து விட்டு இன்னொரு குழலையும் பார்த்தோம், அதுவும் சரியாம். "வந்து குடியேறிருச்சுங்கத்தை" என்றார்.

தண்ணீரைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெறும் தண்ணீர்தான்.

ஆவணி 22, ஞாயிறு

பிள்ளை வந்துவிட்டாள். நாலு பேர் தூக்கிக் கட்டிலில் விட்டார்கள். இடுப்பிலிருந்து கீழே வெள்ளைக் கட்டு. முனையில் விரல்கள் மட்டும் தெரிகின்றன, யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி. கால்மாட்டுப் பக்கம் இருந்தால்தான் மல்லாந்தபடி பார்க்க வாகு என்று மாப்பிள்ளை நேற்றே தொட்டியை அரைவாசித் தண்ணீரோடு அங்கே நகர்த்தியிருந்தார், பஞ்சை நனைத்தபடியே.

மீனும் வந்தது. சிவப்பு வால் வைத்த பொடி மீன்கள். பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு அப்புறம் அவிழ்த்தார். எல்லாம் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.

"செத்துப்போச்சா அமுச்சி?"

"பயந்துக்கிட்டிருக்குது. புது வீடில்ல?"

பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஆவணி 23, திங்கள்

காலையில் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் நீந்துகின்றன.

ஆவணி 26, வியாழன்

தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் முதலில் காதில் விழவில்லை. "அமுச்சி, இங்க வந்து பாரு, சிரிப்பாணியா இருக்குது!" என்று பிள்ளை கத்தினாள்.

மாவுக் கையோடு போனேன். மீன்களெல்லாம் கண்ணாடியின் ஒரு மூலையில் மொய்த்து நின்று கொத்துகின்றன. அந்தப் பக்கம் தீனி இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குப் புரியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிள்ளையின் கால் இருந்தது.

"புழுன்னு நெனைச்சுக்குதுக அமுச்சி! பாரு, இப்ப இந்தப் பக்கம்."

மீன்கள் ஒரே மாதிரி இந்தப் பக்கம் திரும்பின. எதைப் பார்த்துத் திரும்பின என்று குனிந்து பார்த்தேன். பெருவிரல். அரிசி முளை விடுகிற அளவுகூட இல்லை, ஆனால் அசைந்தது. நின்றது. மறுபடியும் அசைந்தது. மீன்கள் அதன் பின்னாலேயே போயின.

"மாப்ளை!" என்று கூப்பிட்டேன். வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி.